அங்கப்பன் நடத்திய பரீட்சை

அங்கப்பன்: நிறுத்து, நிறுத்து அம்மணி. ஜெர்மன்ல ஓட்டுனா எனக்கு ஒண்ணும் ஏறாது. மொதல்ல தமிழ்ல சொல்லு. அப்பறம் அந்தப் பாசைல கடகடன்னு அடிச்சு உடு.

வர்ஷினி: நான் வணக்கம்தானுங்க சொன்னேன். நீங்க இன்னும் கேள்வியே கேக்கலீங்ப்பா.

அங்கப்பன்: கேட்டுட்டாப் போச்சு. வணக்கமுங்க நர்ஸம்மா. எங்க ஜெர்மனிக்கு வேலைக்கு வாரீங்க, சந்தோசம். வயசான காலத்துல மனுசனை ஆரு பாக்கறா? ஒவ்வொரு நாட்டுலயும் எப்படின்னு ஒப்பிட்டுச் சொல்லுங்க.

வர்ஷினி: பரீட்சை அதிகாரி இத்தனை மரியாதையாக் கேக்க மாட்டாருங்ப்பா.

அங்கப்பன்: கோயமுத்தூர்ல இருந்து போன அதிகாரின்னு வெச்சுக்க. ம்... சொல்லு.

வர்ஷினி: ஜெர்மனில சம்பளத்துல மாசாமாசம் கொஞ்சம் புடிச்சுக்குவாங்க. பராமரிப்புக் காப்பீடுன்னு. பின்னால முடியாமப் போனா, ஒருத்தர் வீட்டுக்கே வந்து பாப்பாரு. தானாக் குளிக்கறாங்களா, சாப்பிடறாங்களா, சட்டைப் பட்டன் போடறாங்களான்னு...

அங்கப்பன்: பட்டனைக் கூடவா பாக்கறாங்க?

வர்ஷினி: ஆமாங்ப்பா. அதை வெச்சுத்தான் எவ்வளவு உதவின்னு முடிவு பண்ணுவாங்க. நர்ஸு வருவாங்க. இல்லாட்டி மகனோ மகளோ பாத்துக்கிட்டா அதுக்கும் காசு குடுப்பாங்க.

அங்கப்பன்: பெத்த அப்பனைப் பாக்கறதுக்குக் காசா! வெளிய சொல்லிப்போடாத. நம்ம சொந்தக்காரங்க உழுந்து உழுந்து சிரிப்பாங்க.

வர்ஷினி: நீங்க மொதல்ல சிரிக்காதீங்க, டீ சிந்துது. குடுங்க, நான் புடிச்சுக்கறேன்.

அங்கப்பன்: இருக்கட்டும் உடு. கைதான நடுங்குது, வாய் நல்லாத்தான் இருக்குது. அடுத்தது ஜப்பானு.

வர்ஷினி: அங்க நாப்பது வயசுல இருந்தே காப்பீடு கட்டோணும். ஊட்டுக்கு ஆள் வருவாங்க. இல்லாட்டி காலைல வேன் வந்து கூட்டிட்டுப் போயி, பகலெல்லாம் ஒரு எடத்துல வெச்சுப் பாத்துக்கிட்டு, சாயங்காலம் கொண்டாந்து உடும். ஆனா ஊட்டு ஆளுக பாத்தா காசு கெடையாது.

அங்கப்பன்: ஏன், அவங்களுக்கு அத்தனை கஞ்சத்தனமா?

வர்ஷினி: கஞ்சத்தனமில்லீங்ப்பா. காசு குடுத்தா மருமகளையும் மகளையும் ஊட்டோட கட்டிப் போட்டுருவாங்கன்னு, அங்கத்த பொம்பளைகளே சண்டை புடிச்சாங்களாம்.

அங்கப்பன்: ...வெவரமானவங்க.

வர்ஷினி: ம்.

அங்கப்பன்: சேரி. நம்மூருல?

வர்ஷினி: ஆருமில்லாதவங்களுக்கு முதியோர் பென்சன். சக்கரை, பிரஷருக்கு ஊடு தேடி வந்து மாத்திரை குடுக்கறாங்க. அப்பறம்...

அங்கப்பன்: அப்பறம் தண்ணி ஊத்தி உடறது, சோறு ஊட்டறது, பட்டன் போடறது... அந்தத் திட்டத்துக்கு என்ன பேரு?

வர்ஷினி: அதுக்கெல்லாம் திட்டம் இல்லீங்ப்பா.

அங்கப்பன்: ஏன் இல்லாம? வர்ஷினின்னு பேரு.

வர்ஷினி: அப்பா...

அங்கப்பன்: இன்னொரு கேள்வி. ஜெர்மனில ஊட்டுக்கு வர்ற அந்த நர்ஸுக எந்தூரு?

வர்ஷினி: எல்லா ஊரும்தான். கேரளா, பிலிப்பைன்ஸ்...

அங்கப்பன்: நம்ம துடியலூரு?

வர்ஷினி: ...துடியலூரும்தான்.

அங்கப்பன்: அப்ப அந்தத் துடியலூர் நர்ஸோட அப்பனுக்கு ஆரு பட்டன் போடுவா?

வர்ஷினி: இந்தக் கேள்வியெல்லாம் பரீட்சைல வராதுங்ப்பா.

அங்கப்பன்: பரீட்சை எப்பன்னு சொன்ன?

வர்ஷினி: அடுத்த மாசம்.

அங்கப்பன்: போன மாசமும் இதையேதான சொன்ன?

வர்ஷினி: தள்ளி வெச்சுட்டாங்க...

அங்கப்பன்: அம்மணி, என்ற மூஞ்சியப் பாத்துச் சொல்லு.

வர்ஷினி: ...எழுதிட்டேங்ப்பா. பாஸும் ஆயிட்டேன். வேலைக்கு வரச் சொல்லி அங்கிருந்து கேட்டுட்டே இருக்கறாங்க. நாந்தான் பதில் சொல்லலை. உங்ககிட்டச் சொன்னா போன்னுதான் சொல்லுவீங்க. இந்தக் கையோட உங்களைத் தனியா உட்டுப்போட்டு நான் எப்படிங்ப்பா போறது? அம்மா இருந்தாலாச்சும்...

அங்கப்பன்: அழுவாத சாமி. எனக்குத் தெரியும்.

வர்ஷினி: தெரியுமா?

அங்கப்பன்: உங்க ஜெர்மன் கிளாஸு மோகன்குமார் சாரு பஸ் ஸ்டாப்புல ஃப்ளெக்ஸ் வெச்சாருல்ல. ஆளு உசரத்துக்கு உன்ற போட்டோவப் போட்டு, ஜெர்மன் தேர்வில் வெற்றின்னு.

வர்ஷினி: ஐயோ, அதை அன்னிக்கே எடுக்கச் சொல்லிட்டேனுங்களே!

அங்கப்பன்: எடுத்துட்டாரு. அதை டீக்கடை ரங்கராஜு வாங்கிட்டுப் போயி மழைக்குப் படுதாவாக் கட்டிப்போட்டான். தெனமும் உன்ற மூஞ்சிக்குக் கீழ உக்காந்துதான் டீ குடிக்கறேன். வெயில்ல வெளுத்தே போச்சு. கெளம்பற வழியப் பாரு. காலைல வந்து பாத்துக்கறதுக்கு ஒரு ஆளு சொல்லி வெச்சுட்டேன். இன்னிக்குச் சட்டை நானேதான் போட்டேன், பாத்தியா?

வர்ஷினி: ஒரு பட்டன் மாறிப் போயிருக்குதுங்ப்பா.

அங்கப்பன்: ஒண்ணுதான? நீ போறதுக்குள்ள அதையும் சரி பண்ணிப்போடுவேன்.

வர்ஷினி: எல்லாம் தெரிஞ்சுக்கிட்டே, எதுக்குங்ப்பா தெனமும் சாயங்காலம் கேள்வி கேட்டீங்க?

அங்கப்பன்: பரீட்சை முடிஞ்சுபோச்சுன்னு சொல்லிப்போட்டா... நீ இப்படிப் பக்கத்துல உக்காந்து பேசறது நின்னு போயிருமேன்னுதான் கண்ணு.