வெதர்லியின் முதல் பச்சை வளையம்

நம் வெதர்லி ஊரில் டிசம்பர் பிறந்தால் எல்லா வீட்டுக் கதவிலும் தேவதாருக் கிளை வளையம் தொங்குகிறதே, அந்த வழக்கம் எப்படி வந்தது என்று கேட்டிருந்தீர்கள், மிஸ் காட்வின். ஊர் வரலாற்று மலருக்கு நல்ல கேள்விதான். ஆரம்பித்து வைத்தவன் நான். மறைக்க என்ன இருக்கிறது?

இருபத்தெட்டு வருடத்துக்கு முன் இங்கே மாளிகைகள் கிடையாது. நிலக் கம்பெனிக்காக நான்தான் மனை பிரித்தேன். மாவு ஆலை முதலாளிகளுக்கு ஏரி வேண்டும், காற்று வேண்டும், மீன் புகை மட்டும் வேண்டாம். அந்தப் புகை ஹால்வர் ப்ராட்டன் என்ற நார்வேக்காரனுடையது. அந்த முதலாளிகளுக்காக நாங்கள் கட்டிய கிளப்புக்கு நேர் எதிரே, நிலம் ஏரிக்குள் நீளும் முனையில், அவன் வீடும் மாட்டுக்கொட்டகையும் மீனைப் புகையில் காட்டும் குடிசையும் இருந்தன. ஜன்னலைத் திறந்தால் முதலில் தெரிவது ஏரி அல்ல, அவன் மாட்டின் பின்பக்கம்.

ஏழெட்டு முறை போய்ப் பேசினேன். ஒவ்வொரு முறையும் அவன் மனைவி ரக்னா காபியும் உருளைக்கிழங்கு ரொட்டியும் வைத்தாள். விற்க மாட்டேன் என்பதை அவன் சிரித்துக்கொண்டே சொன்னான்.

"உங்க சீமாட்டிங்களுக்கு மூக்கைப் பொத்திக்கத் தெரியாதா, விட்காம் ஐயா? அதுக்கும் ஆள் வைக்கணுமா?"

நானும் சிரித்தேன். அவன்மேல் எனக்குப் பிரியம்கூட உண்டு.

உறைந்த ஏரியில் பனிக்கட்டி வெட்டுகிறவர்கள், வெட்டிய இடத்தைச் சுற்றித் தேவதாருக் கிளைகளை நட்டுவிட்டுப் போவார்கள். வெட்டிய தண்ணீர்மேல் பாலாடை போல மெல்லிய பனிக்கட்டி படிந்து, அதன்மேல் பனியும் பெய்துவிட்டால் தண்ணீர் எது, தடம் எது என்று தெரியாது. அந்தக் கிளைகளைக் குடிகாரன்கூடத் தொட மாட்டான். ஏரிமேல் வண்டி ஓட்டப் பயமில்லையா என்று ஒருமுறை ஹால்வரைக் கேட்டேன்.

"கிளை நின்னா ஒதுங்கிப் போவேன். கிளை இல்லேன்னா கண்ணை மூடிட்டு ஓட்டுவேன்."

எனக்குச் சிறுவயதிலிருந்தே ஞாபகசக்தி அதிகம்.

அந்த டிசம்பரில் ஒரு வியாழக்கிழமை, ஹால்வர் குதிரை பூட்டிய சறுக்குவண்டியில் எதிர்க்கரைக்குப் போனான். சனிக்கிழமை திரும்புவான் என்று ரக்னா சொன்னாள். வெள்ளிக்கிழமை எங்கள் கிடங்குக்காகப் பனிக்கட்டி வெட்ட ஆட்கள் வந்தார்கள். எங்கே வெட்டுவது என்று கேட்டார்கள். கைகாட்டினேன். அது ப்ராட்டனின் வண்டித்தடம் என்றான் ஒருவன். கிளை நடத்தானே போகிறீர்கள், பிறகென்ன என்றேன். நட்டார்கள். விடிவதற்குள் பனி பெய்து எல்லாவற்றையும் மூடியது.

சனிக்கிழமை மாலை கிளப்பின் முதல் விருந்து. கதவோ மொட்டையாக இருந்தது. காட்டுக்குப் போய்வர நேரமில்லை. ஏரிமேல் இருபது கிளைகள் சும்மா நின்றுகொண்டிருந்தன. நானே போய் ஒவ்வொன்றாகப் பிடுங்கி வந்தேன்.

வளையம் அழகாக அமைந்தது. மூன்றரை மணிக்குக் குதிரையின் மணிச்சத்தம் கேட்டது. ஜன்னலோரம் காபியோடு நின்றிருந்தேன். சத்தம் நெருங்கி வந்து, நின்றுபோயிற்று. என்ன ஆயிற்று என்று ஒரு சீமாட்டி கேட்டாள். கரைப்பக்கம் திரும்பியிருப்பான் என்றேன். காபி ஆறவில்லை.

மறுநாள்தான் எடுத்தார்கள், அவனையும் குதிரையையும். வெட்டியவர்கள் கிளை நட மறந்தார்கள் என்று ஊர் பேசியது. நட்டோம் என்று அவர்கள் சத்தியம் செய்தார்கள். அழுகிறவர்களோடு வாதாடுவது எனக்குப் பிடிக்காது. பேசாமல் இருந்துவிட்டேன்.

அன்றே அந்த வளையத்தை என் அனுதாபத்தோடு ரக்னாவுக்கு அனுப்பிவைத்தேன். கிளைகளின் அடி, நடுவதற்காகக் கூராகச் சீவப்பட்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. அவள் கவனித்திருக்கிறாள். திங்கட்கிழமை காலை கதவைத் திறந்தால், வளையத்தைப் பிரித்து, என் முன்வாசலைச் சுற்றி ஒவ்வொரு கிளையாகப் பனியில் நட்டுவிட்டுப் போயிருந்தாள். நன்றி சொல்கிறாள் என்றுதான் எடுத்துக்கொண்டேன். வசந்தத்தில் நிலத்தை விற்றாள். முனைக்கு ப்ராட்டன் முனை என்று பெயர் வைக்கச் சொன்னவனும் நானே. இதை மலரில் கொஞ்சம் விரிவாக எழுதுங்கள்.

ஒரு வேண்டுகோள். எழுதியதில் என் கையெழுத்து வாங்க வரும்போது பின்வாசல் வழியாக வாருங்கள். அந்தக் கிளைகள் எப்போதோ மக்கிப்போயின. ஆனாலும் முன்வாசலில் நான் கால் வைத்து இருபத்தெட்டு வருடம் ஆகிறது. பின்வாசல்தான் எனக்கு வசதி.