கை தூக்கினவள்

— என் இன்ஹேலர எங்கமா வச்ச?

— மெதுவா பேசுடி ஜெனிட்டா. பக்கத்து வூட்டு லதா காதுல வுழும்.

— வுழட்டும். செங்கல்பட்டு மேட்ச்சுக்கு வேன் வந்துகினு கீது. அது இல்லாம நான் கபடி ஆட முடியாது.

— அப்ப ஆடாத. எனக்கும் நிம்மதி.

— ஒளிச்சு வச்சிகீறியா?

— எடுத்து வச்சிகீறேன். சும்மா சும்மா இழுத்தா பழக்கமாயிடுமாம். அப்புறம் அது இல்லாம மூச்சே வுட முடியாதுன்னு லதா சொன்னா.

— லதாக்கா எந்த காலேஜ்ல டாக்டருக்குப் படிச்சாங்க? டாக்டர் தெனமும் இழுக்கச் சொன்னாரே, அது?

— டாக்டரா உன்ன பொண்ணு பாக்க வரப் போறாரு? ஹெலன் பொண்ணுக்கு ஆஸ்துமான்னு தெரிஞ்சா எவன் வருவான்?

— ப்ளஸ் ஒன் படிக்கிறேன்மா! வர்ற மாப்ளைக்கு மட்டும் இழுப்பு இருக்காதுன்னு யாரு சொன்னா?

— வாய் மட்டும் நல்லா கீது. யாரு கேட்டாலும் சளின்னு சொல்லு, போதும். நம்ம தெருவுக்கே இல்லாத சீக்கு.

— தெரு முழுக்க பிளாட் போட மண்ணு லாரி ஓடுது, எனக்கு மட்டும் சீக்கா? நேத்து ஸ்கூலுக்கு டாக்டரம்மா வந்தாங்க. யாருக்கு மூச்சு இழுக்குதுன்னு கேட்டாங்க. ஒருத்தரும் கை தூக்கல. நான் தூக்கினேன்.

— ஐயோ! எல்லார் முன்னாடியுமா?

— எல்லார் முன்னாடியும்தான். அப்பால பின் பெஞ்சுல மணி தூக்கினான். அப்பால சிநேகா.

— எந்த சிநேகா?

— உன் லதாவோட பொண்ணு சிநேகாதான். அப்பால பாத்தா இங்க ஒரு கை, அங்க ஒரு கை. டாக்டரம்மா அப்டியே நின்னுட்டாங்க. போன வருஷம் இந்த ஸ்கூல்ல ஒருத்தருக்கும் இல்லன்னு எழுதினு போனேனே, அதுக்குள்ள இவ்ளோ பேருக்கு வந்துச்சான்னு கேட்டாங்க.

— நீ இன்னா சொன்ன?

— இப்ப வரல மேடம், போன வருஷம் பயந்துகினு வாய மூடினு இருந்தோம்னு சொன்னேன்.

— அந்த லதா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல பாரு.

— நீ மட்டும் அவங்ககிட்ட சொன்னியா?

— வேற எதாச்சும் ஆடேன்டி. கேரம் ஆடு. கபடின்னா மூச்சு வுடாம பாடிகினே போவணும்.

— நீ ஆடலையா? கோட்டத் தாண்டினா உன்னப் புடிக்க திருப்போரூர்லயே ஆளில்லன்னு மாமா இன்னும் சொல்லிகினு கீது.

— அதெல்லாம் கல்யாணத்தோட போச்சு.

— எனக்குப் போவாது. இன்ஹேலர கயித்துல கட்டி கழுத்துல தொங்க வுட்டுகினுதான் வேன்ல ஏறுவேன். லதாக்கா நல்லா பாக்கட்டும்.

— பருப்பு டப்பாவுக்குப் பின்னால கீது. எடுத்துக்க.

— ஹாரன் அடிக்கிறாங்க, வரேம்மா!

— இரு. மேட்ச் முடிஞ்சதும் அங்கயே நில்லு. நானும் பஸ் புடிச்சு வரேன். பெரியாஸ்பத்திரிக்குப் போலாம்.

— எனக்குத்தான் போன மாசமே பாத்தாச்சே.

— உனக்கில்லடி, எனக்கு. நான் கபடிய வுட்டது கல்யாணத்துக்காக இல்ல.