புல்லுக்கட்டில் விஷம் இல்லை

பெயர் சோலையம்மாள். வயது நாற்பத்தொன்று இருக்கும். கணவர் கருப்பணன், காலமாகிவிட்டார். திண்டுக்கல் டவுனுக்கு மேற்கே குளத்தங்கரைக் குடிசையில் குடியிருந்து, புல் அறுத்து விற்றுப் பிழைத்து வருகிறேன். எனது கழுதையை அடித்துக் கொன்றது சம்பந்தமாக, 1996-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 26-ஆம் தேதியாகிய இன்று காவல் நிலையத்தில் ஆஜராகி, விசாரிக்க நான் சொல்வது என்னவென்றால்:

நான் பல வருஷமாக ரயிலடி ஜட்கா ஸ்டாண்டுக் குதிரைகளுக்குப் புல் போட்டு வருகிறேன். கழுதை முதுகில் கட்டுகளை ஏற்றிக்கொண்டு போய், காலை ரயில் வருவதற்குள் ஸ்டாண்டில் இறக்கிவிடுவேன். பெருமாள்சாமி என்பவர் அந்த ஸ்டாண்டுக்குத் தலைவர். அவரை நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். எங்களுக்குள் முன்விரோதம் கிடையாது.

இந்த வருஷம் மழை பிடித்ததும் கடிக்கிற பெரிய ஈ எங்கே பார்த்தாலும் மொய்த்தது. அதன் பிறகு பெருமாள்சாமியின் வெள்ளைக் குதிரைக்குக் காய்ச்சல் கண்டது. காய்ச்சல் விடும், மறுபடி வரும். புல்லும் கொள்ளும் நன்றாகத் தின்றும் நாளுக்கு நாள் இளைத்து, காலும் அடிவயிறும் வீங்கி, பின்னங்கால் தள்ளாடியது. காய்ச்சல் கண்ட குதிரைக்குக் கெட்ட ரத்தத்தை இறக்கிவிட வேண்டும் என்பது அந்த ஸ்டாண்டு வழக்கம். அதன்படி பெருமாள்சாமி தன் குதிரையின் கழுத்தில் குத்தூசியால் குத்தி ரத்தம் இறக்கினார். ஊசியைக் கைலியில் துடைத்துக்கொண்டு, நோய் அண்டாமல் இருக்கட்டும் என்று மற்ற குதிரைகளுக்கும் வரிசையாகக் குத்தினார். கட்டு இறக்கிக்கொண்டிருந்த என்னையும் கூப்பிட்டு, "இந்தா சோலை, உன் கழுதையையும் புடிச்சுட்டு வா, அதுவும் உசுருதான" என்று சொல்லி அதற்கும் குத்திவிட்டார். நல்லது என்று நினைத்துத்தான் செய்தார். அதை நான் மறுக்கவில்லை.

அதன் பிறகு மற்ற குதிரைகளும் ஒவ்வொன்றாகப் படுத்தன. அந்தோணிராஜ் என்பவரின் குதிரை சவாரியோடு நடுரோட்டில் விழுந்து செத்தது. அன்றைக்குத்தான் என் புல் மேல் பேச்சு வந்தது. தோல் பதனிடுகிற தோல்ஷாப்பின் கழிவுத் தண்ணீர் ஓடும் வாய்க்காலில் நான் புல் அறுத்ததாகவும், அதில் விஷம் ஏறியிருப்பதாகவும் பெருமாள்சாமி சொன்னார். அந்த வாய்க்கால் ஓரத்தில் புல் முளைப்பதே இல்லை. இது ஊருக்கே தெரியும், அவருக்கும் தெரியும். நான் இதைச் சொன்னதற்கு, கட்டிலிருந்து ஒரு கைப்பிடிப் புல்லை உருவி என் முகத்துக்கு நேரே நீட்டி, "நல்ல புல்லுன்னா நீயே தின்னு பாப்போம்" என்றார். நான் வாங்கித் தின்றேன். வண்டிக்காரர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஒருவர் சிரித்தார். தின்ற எனக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

அன்று முதல் ஸ்டாண்டில் என்னைக் கட்டு இறக்க விடவில்லை. விஷப்புல்லுக்காரி என்று பேர் வைத்துவிட்டார்கள். பால்மாடு வைத்திருக்கும் வீடுகளிலும் புல் வேண்டாம் என்றார்கள். எனக்கு வேண்டியவரான பக்ருன்னிசா, "ஒம் புல்லு நல்ல புல்லுன்னு எனக்குத் தெரியும்மா, ஆனா மாடு எங்க வீட்டுக்காரரோடதுல்ல" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. யாரைச் சொல்லியும் குற்றமில்லை என்றால் நான் எங்கே போய் விற்பது?

அதன் பிறகு நானே மாட்டாஸ்பத்திரிக்குப் போய், என் புல்லைச் சோதித்துச் சொல்லுங்கள் என்று டாக்டர் ஸ்தனிஸ்லாஸிடம் கேட்டேன். அவர் புல்லைப் பார்த்துவிட்டு, ஸ்டாண்டுக்கு வந்து எல்லாக் குதிரைகளின் காதிலும், என் கழுதையின் காதிலும் ரத்தம் எடுத்துப் போனார். மறுநாள் வந்து எல்லோரையும் வைத்துக்கொண்டு, இது விஷம் இல்லை, சர்ரா என்கிற நோய், கண்ணுக்குத் தெரியாத கிருமி ரத்தத்தில் நெளிகிறது, ஈ கடித்துப் பரப்புகிறது, ரத்தம் பட்ட ஊசியும் பரப்பும் என்று சொன்னார். "எல்லாத்துக்கும் ஒரே ஊசியிலயா குத்துனீங்க?" என்று கேட்டார். பெருமாள்சாமி பீடி பற்றவைத்தார். டாக்டர், என் கழுதைக்கும் அந்த நோய் இருக்கிறது, கழுதைக்குச் சிலசமயம் வெளியே தெரியாது என்று சொல்லி, மருந்து வரவழைத்து ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஊசியில் போட்டார். என் கழுதைக்கும் போட்டார்.

டாக்டர் சொன்ன அத்தனையிலும் கழுதை என்ற சொல் மட்டும்தான் வண்டிக்காரர்கள் காதில் ஏறியது. "அப்ப இவ கழுதைதான்யா கொண்டாந்து ஒட்ட வச்சிருக்கு" என்று பேசிக்கொண்டார்கள். புல்லை விட்டுவிட்டுக் கழுதையைப் பிடித்துக்கொண்டார்கள். அதன் பிறகு, போன வெள்ளிக்கிழமை பகலில் நான் வரப்பில் அறுத்துக்கொண்டிருந்தபோது, பெருமாள்சாமியும் அடையாளம் காட்டக்கூடிய இன்னும் இருவரும் என் குடிசைக்கு வந்து, கட்டிக் கிடந்த கழுதையை வேலங்கட்டையால் அடித்தார்கள். சத்தம் கேட்டு நான் ஓடிப் போவதற்குள் முடிந்துவிட்டது. கயிறு எட்டும் மட்டும் அது சுற்றிச் சுற்றி ஓடியிருக்கிறது. தரை வட்டமாகக் கிளறிக் கிடந்தது. ஈ அண்டாமல் இருக்க டாக்டர் சொன்னபடி நான் போட்டிருந்த புகை அப்போதும் வந்துகொண்டிருந்தது. மூன்று பேரும் என்னைப் பார்த்துவிட்டு நடந்தே போனார்கள், ஓடக்கூட இல்லை.

நான் கொடுத்த புகாரின் பேரில் விசாரணைக்கு வந்த இடத்தில், இன்று இந்த நிலைய வாசலில் பெருமாள்சாமி என்னிடம் சமாதானம் பேசினார். தன் குதிரை தேறிவிட்டது என்றும், ஸ்டாண்டில் புல்லுக்குத் திண்டாட்டமாக இருக்கிறது என்றும், வேறு கழுதை வாங்கித் தருவதாகவும், நாளை முதல் புல் கொண்டுவரும்படியும் சொன்னார். அதற்கு நான், "எனக்குக் கழுதை வேணாம்ண்ணே. ஸ்டாண்டுல அம்புட்டுப் பேரு முன்னாடியும், சோலையம்மா புல்லு நல்ல புல்லுன்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க, கேசை வாபஸ் வாங்கிக்கிறேன்" என்றேன். அதற்கு அவர், "ரெண்டு கழுதையாக்கூட வாங்கிக்கத்தா" என்றார்.

ஆகையால் வழக்கு நடக்கட்டும்.

இதில் எழுதியிருப்பதெல்லாம் நான் என் வாயால் சொன்ன உண்மை. எனக்குப் படித்துக் காட்டினார்கள், சரியாக இருக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாததால் இடது பெருவிரல் ரேகை வைக்கிறேன்.

(சோலையம்மாளின் இடது பெருவிரல் ரேகை)