மூன்று பேருக்கான வேன்

பனிச்சறுக்குப் பலகை வாடகைக்கு எடுக்க வருகிறவர்களில் பாதிப் பேர் தங்கள் எடையைக் குறைத்துத்தான் சொல்வார்கள். பெண்கள் மட்டும் என்று நினைக்காதீர்கள், ஆண்கள் இன்னும் மோசம். எங்கள் கடை மெக்கானிக் வெண்டல் அதையெல்லாம் கண்டுகொள்ளவே மாட்டார். "வாய் சொல்றத நம்பாத, கண்ணு பாக்கறத வெச்சுத் திருகு" என்பார். சீக்கிரமே எனக்கும் அந்தக் கண் வந்துவிட்டது.

நீங்கள் பனிச்சறுக்குப் பக்கமே போனதில்லை என்று சொன்னதால் விளக்குகிறேன், மேடம். காலணியைப் பலகையோடு பிடித்து வைக்க ஒரு கவ்வி உண்டு. ஆள் விழும்போது அது தானாக விட்டுவிட வேண்டும். விடாவிட்டால் பலகை ஒரு பக்கம் திரும்பும், முழங்கால் இன்னொரு பக்கம் திரும்பும். ஒல்லியானவர்களுக்குத் தளர்வாக வைக்க வேண்டும், கனத்த ஆட்களுக்கு இறுக்கமாக. ஒரு திருகாணி, ஒரு ஸ்க்ரூடிரைவர். வேலை அவ்வளவுதான்.

நானும் பிப்பும் ரேவியும் நியூசிலாந்தின் தெற்குக் கோடியில், பால்க்ளூத்தாவில் ஒன்றாகப் படித்தவர்கள். கனடாவில் ஒரு பனிக்காலம் முழுக்க வேலை செய்வது, பிறகு ஒரு வேனை வாங்கிக்கொண்டு மெக்சிகோ வழியாகத் தென்னமெரிக்காவின் அடிவரை போவது என்று பள்ளிக்கூட பஸ்ஸில் உட்கார்ந்து முடிவு செய்தோம். மற்ற இருவரும் அதைப் பேச்சோடு விட்டிருப்பார்கள். மூவருக்கும் விசாவுக்கு அலைந்தது நான். ரேவியின் அம்மா அவனை அனுப்பமாட்டேன் என்று அழுதபோது, அவர் சமையலறையில் உட்கார்ந்து ஒரு சாயங்காலம் முழுக்கப் பேசிச் சம்மதிக்க வைத்ததும் நான்தான். "நீ பாத்துக்குவேன்னு தெரியும்டி மெரின்" என்றார் அவர். பார்த்துக்கொண்டேன்.

மலையில் பிப்புக்கு உணவகச் சமையலறையில் வேலை. கம்பியில் தொங்கியபடி மலை உச்சிக்குப் போகும் நாற்காலி லிஃப்டில் ரேவி ஆட்களை ஏற்றிவிடுவான். ஊழியர் விடுதியில் மூவருக்கும் ஒரே அறை. ஹீட்டர் மேல் ஈரச் சாக்ஸ் காயும், பிப் சமையலறையிலிருந்து மிச்ச உருளைக்கிழங்கு வறுவலைச் சுருட்டிக்கொண்டு வருவாள், மூவரும் ஒரே கட்டிலில் உட்கார்ந்து தின்போம். அந்த முதல் மாதம் போல நான் சந்தோஷமாக இருந்ததில்லை.

கிறிஸ்துமஸ் கழிந்ததும் ஒடீல் வந்தாள். கியூபெக் பெண். குழந்தைகளுக்குச் சறுக்கச் சொல்லிக்கொடுப்பாள். அவளைப் பற்றி நான் தவறாக எதுவும் சொல்லப்போவதில்லை, அப்படிப்பட்ட ஆள் இல்லை நான். சத்தமாகச் சிரிப்பாள். கேட்காமலே அடுத்தவர் தட்டிலிருந்து எடுத்துச் சாப்பிடுவாள். ரேவிக்கு அதெல்லாம் அழகாகத் தெரிந்தது. கொஞ்ச நாளில் எங்கள் கட்டிலில் நாலு பேர் உட்கார ஆரம்பித்தோம்.

"மெரின், நீ ஏன் எப்பவும் ஹெட்மிஸ்ட்ரஸ் மாதிரியே மூஞ்சிய வெச்சிருக்க?" என்று ஒருநாள் கேட்டாள் ஒடீல்.

"அவ பொறந்ததே அப்படித்தான்" என்றாள் பிப். "பொறந்த உடனே டாக்டரப் பாத்து, கைய கழுவினீங்களான்னு கேட்டிருப்பா."

"கழுவலன்னு சொல்லியிருந்தா திரும்ப உள்ளயே போயிருப்பா" என்றான் ரேவி.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதில் எனக்கு வருத்தமே இல்லை என்பதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

பிப்ரவரியில், ஊருக்குத் திரும்பும் ஆஸ்திரேலியர்களிடமிருந்து வேனை வாங்கினோம். ரேவி அதற்குள் பலகை அடித்துப் படுக்கை செய்துகொண்டிருந்தான். பிப் அவன் பக்கத்தில் நின்றாள், ஒடீல் சற்றுத் தள்ளி டயரைச் சுற்றியிருந்த பனியை அள்ளிக்கொண்டிருந்தாள். நான் போய் எட்டிப் பார்த்தேன். கீழே அகலமாக ஒன்று, அதற்கு மேல் ஒடுக்கமாக ஒன்று.

"கீழ யாரு?" என்று கேட்டேன்.

"நானும் ஒடீலும். மேல பிப்."

"அப்ப நான்?"

ரேவி வாயில் ஆணியை வைத்திருந்ததால் பிப்தான் பதில் சொன்னாள். "முன் சீட்ட மடக்கினா படுக்கலாம்டி. நீ குள்ளச்சிதானே. உனக்குத்தான் எங்க போட்டாலும் தூக்கம் வருமே."

"ஒடீல் வர்றான்னு யாரும் சொல்லலையே."

"சொல்லலையா?" என்று பிப் ரேவியைப் பார்த்தாள். "டேய், நீ சொல்லலையா?"

மறந்துவிட்டார்களாம். எனக்குக் கோபம் வரவில்லை. ஒரு பொருளை அது இருக்க வேண்டிய இடத்தில் வைக்கவில்லை என்றால் எடுத்து ஒழுங்காக வைப்போம் இல்லையா, அப்படித்தான் இருந்தது.

அந்த வாரமே ஒடீல் தன் பலகைகளை மெழுகு தேய்க்க எங்கள் கடையில் விட்டுப்போனாள். தேய்த்தேன், நன்றாகவே தேய்த்தேன். பிறகு கவ்விகளை வெண்டல் போன்ற ஒரு மலைமாட்டுக்கு வைக்கும் அளவுக்கு இறுக்கினேன். ஒடீல் சிட்டுக்குருவி மாதிரி இருப்பாள். முழங்கால் ஜவ்வு அறுந்தால் உயிரா போய்விடும்? ஆறு மாதம் படுக்கை, கொஞ்ச நாள் ஊன்றுகோல். அம்மா வீட்டில் இருப்பாள். போகிற ஊரிலிருந்தெல்லாம் அவளுக்கு அஞ்சலட்டை போடலாம் என்று நினைத்திருந்தேன். வெறுப்பு இருக்கிற ஒருத்தி அப்படி நினைப்பாளா, நீங்களே சொல்லுங்கள்.

ஆனால் அவள் விழவே இல்லை. குழந்தைகளுக்கு முன்னால் பின்பக்கமாகச் சறுக்கினாள், ஒற்றைக் காலில் சறுக்கினாள், விழவில்லை. தினமும் சாயங்காலம் நொண்டாமல் உள்ளே வந்தாள். அது எனக்குக் கொஞ்சம் எரிச்சலாக இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

பிறகு அந்தப் பெரிய பனி கொட்டிய நாள். பிப்புக்கும் ரேவிக்கும் வேலை. எனக்கும் ஒடீலுக்கும் விடுப்பு. அவள்தான் என்னைத் தேடி வந்தாள்.

"வா, நீயும் நானும் மட்டும் போலாம். மரங்களுக்குள்ள போலாம், இன்னும் யாரும் மிதிக்கல."

எங்களை லிஃப்டில் ஏற்றிவிட்டது ரேவிதான். "என் பொண்ண பத்திரமா கூட்டிட்டு வா" என்று என்னிடம் கத்தினான். என் பொண்ணு என்றால் அவள்.

லிஃப்ட் பாதி மலை ஏறியதும் ஒடீல் பேச ஆரம்பித்தாள்.

"மெரின், நான் உங்ககூட வரல."

"எங்க?"

"தென்னமெரிக்காவுக்கு. அது உங்க மூணு பேரோட கனவு. அன்னிக்கு வேன்கிட்ட உன் மூஞ்சியப் பாத்தேன். ரேவிகிட்ட இன்னும் சொல்லல. இன்னிக்குச் சொல்லிடறேன். நான் வீட்டுக்குப் போயிடுவேன்." என் கையுறையைப் பிடித்து ஆட்டினாள். "இப்பவாவது சிரியேன், ஹெட்மிஸ்ட்ரஸ்."

நன்றி சொன்னேன். மனதாரத்தான் சொன்னேன். ஆனால் மேலே போய்ச் சேருவதற்குள் எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. அவள் வராவிட்டால் ரேவியும் வரமாட்டான். அவள் பின்னாலேயே கியூபெக்குக்குப் போவான். வந்தாலும் உடம்புதான் வேனில் இருக்கும், ஊர் ஊராக போன் பிடித்து அவளோடு பேசிக்கொண்டிருப்பான். எவ்வளவு நல்ல பெண் பார், உனக்காக விட்டுக்கொடுத்தாள் என்று பிப் வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்காட்டுவாள். முழங்கால் போனால் பரிதாபம் வேறு சேர்ந்துகொள்ளும். நான் கணக்கைத் தவறாகப் போட்டிருந்தேன்.

பெரிய ஃபிர் மரங்களின் அடியில் கிளைகள் பனியைத் தாங்கிக்கொள்வதால் கீழே பனி இறுகாமல் குழியாகக் கிடக்கும். மேலிருந்து பார்த்தால் தெரியாது. தலைகீழாக விழுந்தால் சுற்றியுள்ள பனி சரிந்து மூடிவிடும். அதனால்தான் மரங்களுக்குள் இரண்டு பேராகப் போகச் சொல்வார்கள். கழுத்தில் ஆளுக்கொரு விசில்.

ஒடீல் எனக்கு முன்னால் போனாள். ஒரு மரத்தை ஒட்டித் திரும்பியவள் காணாமல் போனாள். சத்தமே இல்லை. நான் போய்ப் பார்த்தபோது பலகைகள் இரண்டும் பனிக்கு மேலே நின்றன. கவ்விகள் விடவில்லை. விட்டிருந்தால் காலை உதறிப் புரண்டு வந்திருப்பாள் என்று நினைக்கிறேன். திறமையானவள். பலகைகள் கிளையில் மாட்டி அவளைத் தலைகீழாகத் தொங்கவிட்டிருந்தன.

அவை அசைந்தன. முதலில் வேகமாக, பிறகு விட்டுவிட்டு.

நான் கையுறையைக் கழற்றி மூக்கைத் துடைத்துக்கொண்டேன். மறுபடி மாட்டிக்கொண்டேன். பனி இன்னும் விழுந்துகொண்டிருந்தது. அருகில்தான் நின்றேன், கை நீட்டினால் தொடும் தூரம். பலகைகளின் அசைவு நின்ற பிறகும் கொஞ்சம் பொறுத்தேன், அவசரப்பட்டால் எல்லாம் வீணாகிவிடும். அப்புறம் விசிலை ஊதினேன். கையுறைகளைக் கழற்றி எறிந்துவிட்டு வெறும் கையால் தோண்டினேன். நகம் இரண்டு பெயர்ந்துபோனது உங்களுக்குத் தெரியும், படம் எடுத்திருக்கிறீர்கள். மீட்புக் குழுவினர் வந்து என்னை இழுத்துத்தான் விலக்க வேண்டியிருந்தது. அந்த அழுகை நடிப்பில்லை.

ஒடீலின் அம்மா வந்து என் கைக்கட்டுக்கு முத்தம் கொடுத்தார். ரேவி என் மடியில் தலைவைத்து அழுதான். போகவேண்டாம் என்றான். "அவளுக்காகப் போலாம்டா" என்றேன். அதற்குத் தலையாட்டினான்.

நாங்கள் மூவரும் தெற்கே கிளம்பினோம். படுக்கைகளை நான் மாற்றி அமைத்தேன். ஆனால் அது நான் நினைத்த பயணமாக இல்லை. ரேவி அவள் பலகைகளை வேன் கூரையில் கட்டிக்கொண்டு வந்தான். பாலைவனத்தில், கற்றாழைகளுக்கு நடுவே, கூரையில் பனிச்சறுக்குப் பலகை. அந்தத் திருகாணிகளை நீங்கள் பார்த்ததும் அதில்தான். எனக்கு அவற்றைத் தளர்த்த எத்தனையோ சந்தர்ப்பம் இருந்தது. தோன்றவில்லை.

மெக்சிகோவில் ஒரு கடற்கரையில் பிப் தினமும் அழ ஆரம்பித்தாள்.

"நான்தான்டி அவள வரச் சொன்னேன்" என்றாள். "உன் மூஞ்சி சுருங்கினத பாத்தேன், பாத்தும் கிண்டல் பண்ணேன். அன்னிக்கு அவ உன்கூட வந்ததே உன்ன சமாதானப்படுத்தத்தான். என்னாலதான் செத்தா."

அவள் அப்படித் தன்னையே வருத்திக்கொள்வதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. உன்மேல் எந்தத் தப்பும் இல்லை என்று ஆரம்பித்து, உங்களிடம் இப்போது சொன்னதையெல்லாம் அவளிடம் சொன்னேன். பிப் அழுகையை நிறுத்திவிட்டாள். பலன் கிடைத்தது என்று நினைத்தேன்.

"சரி. நான் போய் ரொட்டி வாங்கிட்டு வரேன்" என்றாள். செருப்புகூடப் போடாமல் போனாள். திரும்பி வந்தபோது அவளோடு போலீஸ்காரர்கள் வந்தார்கள். அவள்மேல் எனக்குக் கோபமில்லை. களைத்துப்போயிருந்தாள்.

ரேவி உங்கள் மூலம் ஒரே ஒரு கேள்வி கேட்டிருப்பதாகச் சொன்னீர்கள். அவள் கடைசியாக ஏதாவது சொன்னாளா என்று. சொன்னாள். பனிக்குள்ளிருந்து சரியாகக் கேட்காது, ஆனால் என் பெயரைத்தான் சொன்னாள், பல தடவை. இதை அவனிடம் கட்டாயம் சொல்லுங்கள், மேடம். அவள் தனியாகச் சாகவில்லை. நம்பிக்கையான ஒருத்தி கடைசி வரை பக்கத்திலேயே நின்றாள் என்று தெரிந்தால் அவனுக்கு ஆறுதலாக இருக்கும்.