ஐந்தாவது பாட்டுக்கு வெந்நீர்

– அந்த மாதிரி தட்டாதீங்கன்னு போன வாரமே சொன்னேன்ல.

– எந்த மாதிரி அண்ணி?

– ரெண்டு தட்டு, கொஞ்சம் நிறுத்தி, இன்னொண்ணு. அது அவரோட தட்டு. அடுப்படியில நின்னுக்கிட்டிருந்தேன். கை தானா ஈரத்தைத் துடைச்சுக்குது, 'வேனை எங்க நிறுத்தினீங்க'ன்னு கேக்க வாய் திறந்துடுச்சு. மனுஷன் போய்ப் பதினாலு மாசம் ஆச்சு.

– பழக்கதோஷம் அண்ணி. கூடப் பொறக்கலைன்னாலும் இருபது வருஷமா அண்ணன் பின்னாடியே வந்து நின்னவன். இந்தக் கதவை வேற மாதிரி தட்டலாம்னு கைக்குத் தெரியலை.

– உங்களுக்குன்னு ஒரு தட்டு இருக்கும். யோசிச்சுப் பாருங்க. மூணு மாடியும் ஏறியா வந்தீங்க?

– ஆமா, லிஃப்ட் நிக்குது. ஊர் லிஃப்டை எல்லாம் ஓட வைக்கிற மெக்கானிக்கு, அண்ணி வீட்டுக்கு மட்டும் மூச்சு வாங்க ஏறணும்னு தலையெழுத்து.

– அந்த நாற்காலி வேண்டாம். இதுல உக்காருங்க.

– உக்கார நேரமில்லை அண்ணி. மணி நாலரையாச்சு. ஆறு மணிக்கு நம்ம பேண்டோட ஷோ. அண்ணனோட ஃபிளாஸ்க்கை வாங்கிட்டுப் போகலாம்னு வந்தேன்.

– எதுக்கு?

– அதாவது பாருங்க, இன்னிக்கு நம்ம ரசிகர் மன்றத்துலேருந்து நூத்திநாப்பது பேர் வர்றோம். முன்னாடி மூணு வரிசையும் நம்மது. எல்லாரும் கறுப்புச் சட்டை. கிட்டார் ஆரம்பிக்கும், டிரம்ஸ் சேரும், அது வரைக்கும் கை தட்டுவோம். வாசிக்கிறவங்க பழைய ஆளுங்க, அவங்க மேல நமக்குக் கோபம் இல்லை. அந்த ஸ்டெப்னி வாயைத் திறந்த நிமிஷம் அத்தனை பேரும் திரும்பி, மேடைக்கு முதுகைக் காட்டி நிப்போம். அஞ்சாவது பாட்டுக்கு முன்னாடி நம்ம பழைய பாடகருக்கு அண்ணன் வெந்நீர் குடுப்பாரே, அதே இடத்துல அதே ஃபிளாஸ்க்கைக் காலியா, தலைகீழாக் கவுத்து வைக்கணும். யார் வைக்கிறதுன்னு பேச்சு வந்தது. எல்லாரும் என்னைக் கை காட்டிட்டாங்க.

– புதுசாப் பாட வந்திருக்கறவனுக்குப் பேர் ஒண்ணு இருக்குமே.

– ஸ்டெப்னிதான் பேரு. ஓடற டயர் வெடிச்சா டிக்கியிலேருந்து எடுத்து மாட்டறது. நாப்பது வருஷம் ஒரே தொண்டை அந்தப் பேண்டைத் தூக்கி நிறுத்துச்சு. அந்த மனுஷன் செத்து ரெண்டு வருஷம் முழுசா ஆகலை. அதுக்குள்ள எவனையோ பிடிச்சு, அதே பாட்டைக் குடுத்து, ஊர் ஊராக் கூட்டிட்டு வர்றாங்க. டிக்கெட் விலையாவது குறைச்சாங்களா? அதுவும் இல்லை.

– அந்தத் தொண்டை போயிட்டா பாட்டும் போயிடணுமா?

– போகட்டுமே அண்ணி. ஒருத்தர் நின்ன இடம் அவரோட இடம். காலியாக் கிடந்தாலும் அவரோடது. அங்க இன்னொருத்தன் வந்து நிக்கக் கூடாது.

– கூடாது.

– கூடவே கூடாது.

– அப்ப நாலு மாசத்துக்கு முன்னாடி எங்க அக்காகிட்டச் சொல்லி அனுப்பினீங்களே, அது என்ன?

– அது...

– என்னைக் கட்டிக்கறேன்னு கேட்டது நீங்கதானே? இல்லை, அக்கா வேற யார் சொன்னதையாவது கொண்டாந்துட்டாளா?

– அது வேற அண்ணி. இதையும் அதையும் போட்டுக் குழப்பாதீங்க.

– கட்டிக்கறேன்னு கேட்டுட்டு வாய்க்கு வாய் அண்ணி.

– வேற எப்படிக் கூப்பிடறது? வாய் வரலை. ஆனா நீங்க மாத்திட்டீங்க. நான் கவனிச்சேன். முன்னாடி எல்லாம் வாங்க தம்பி, சாப்பிட்டீங்களா தம்பி, மழையில நனையாதீங்க தம்பி. அக்கா உங்ககிட்டப் பேசின நாள்லேருந்து ஒரு தடவை, ஒரே ஒரு தடவை கூட நீங்க என்னைத் தம்பின்னு கூப்பிடலை.

– வேற எதுவும் கூப்பிடலையே.

– கூப்பிடலை. ஆனா தம்பியும் இல்லை. அந்த ஒரு கயித்தைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நாலு மாசமாத் தொங்கறேன். லிஃப்ட் மெக்கானிக்குக் கயிறு எவ்வளவு தாங்கும்னு தெரியும் அண்ணி. இது தாங்கும்னு ஒரு நம்பிக்கை. ஷோ முடிஞ்சதும் பதில் சொல்றேன்னீங்க. நான் அவசரப்படுத்தலை. ஃபிளாஸ்க்கை மட்டும் குடுங்க.

– கழுவிக் காய வச்சிருக்கேன். ஜன்னலோரம் பாருங்க.

– கழுவினீங்களா? அண்ணன் போனதுலேருந்து பீரோவை விட்டு வெளிய எடுக்கலையே அதை.

– போன வெள்ளிக்கிழமை எடுத்தேன்.

– எதுக்கு?

– வெளியூர்ல இவங்க முதல் ஷோ நடந்ததில்ல? போயிருந்தேன்.

– யார் கூட?

– தனியாத்தான். நான் வேலை பாக்கற மூக்குக்கண்ணாடிக் கடையில காய்ச்சல்னு சொல்லிட்டு நாலு மணி நேரம் பஸ்ல போனேன். பதினோரு வருஷத்துல அந்தக் கடைக்கு நான் சொன்ன முதல் பொய்.

– எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லாம. அண்ணி, அண்ணன் என்ன சொல்லிட்டுப் போனார்னு ஞாபகம் இருக்கா? இந்த ஹால்ல, இதே இடத்துல நின்னு சொன்னார். இனிமே அந்த மேடையில எவன் நின்னாலும் என் முதுகைத்தான் பாப்பான்னார்.

– அவர் சொன்னது ஆயிரம். தினம் காலையில இன்னியோட வேலையை விடறேன்னு சொல்லிட்டுத்தான் செருப்பை மாட்டுவார். பதினெட்டு வருஷம் அதே வேனை ஓட்டினார். கடைசி மூச்சும் அந்த வேன்லதான். கோபத்துல சொன்னதை எல்லாம் கல்வெட்டுல வெட்டினா அவரைப் புதைக்க இடம் இருந்திருக்காது.

– இப்படிப் பேசினா நான் என்ன சொல்றது.

– ஒண்ணும் சொல்ல வேண்டாம், கேளுங்க. நான் அங்க எதுக்குப் போனேன் தெரியுமா? அவன் பாட்டு எனக்குப் பிடிக்கக் கூடாதுன்னு போனேன். பிடிக்கலைன்னா உங்களுக்கு 'வேண்டாம்'னு சொல்றது சுலபமாப் போயிடும். ஒருத்தர் இடத்துல இன்னொருத்தர் சரிப்படாது, பாத்துட்டேன், முடிஞ்சதுன்னு கதவைச் சாத்திக்கலாம்.

– சாத்திட்டீங்களா?

– மூணாவது பாட்டு இருக்கே. பழையவர் உச்சிக்குப் போய்க் கத்துவாரே, உங்க அண்ணன் குளிக்கிறப்ப அதைப் பாடி, கீழ் வீட்டுக்காரம்மா விளக்குமாத்தால கூரையை இடிக்குமே, அந்த இடம்.

– அந்த இடத்துக்காகத்தான் அண்ணி நாங்க பொறந்தோம்.

– அந்த இடத்துல இவன் கீழ இறங்கினான். மெதுவா, யார் காதுலயோ சொல்ற மாதிரி. மேல போகத் தெரியாம இல்லை. அடுத்த பாட்டுல போனான். இது அவர் நின்ன இடம், நான் இந்த ஓரமாப் போய்க்கறேன்னு சொல்ற மாதிரி இருந்தது. என்னைச் சுத்தி நாலு பேர் திட்டினாங்க. எனக்கு அழுகை வந்தது. பதினாலு மாசத்துல துக்கத்தைத் தவிர வேற எதுக்காவது நான் அழுதது அன்னிக்குத்தான்.

– உச்சியைக் கீழ பாடறதுக்கு ஒரு ஆளா? கேக்கவே கூசுது.

– கடையில கண் பாக்கறப்ப இது தினம் நடக்கும். கண்ணாடியை மாத்திப் போட்டு, இதுல எழுத்து தெரியுதா, அதுல தெரியுதான்னு கேப்பேன். புதுசுல நல்லாத் தெரியும். ஆனா மறுநாளே வந்து நிப்பாங்க. தலை வலிக்குது, தரை பள்ளமாத் தெரியுது, பழசையே குடும்மான்னு. ஒரு வாரம் போட்டுப் பாருங்கன்னு கெஞ்சுவேன். பாதிப் பேர் கேக்க மாட்டாங்க. மங்கலாத் தெரிஞ்சாலும் பழகின மங்கல்.

– சரி, ஃபிளாஸ்க்கை எதுக்கு எடுத்துட்டுப் போனீங்க? அதைச் சொல்லுங்க.

– வெந்நீர் கொண்டு போனேன்.

– அண்ணி.

– அஞ்சாவது பாட்டுக்கு முன்னாடி மேடையோட இடது பக்கம் போய்க் கையைத் தூக்கினேன். காவலுக்கு நின்னவன் தள்ளினான். பாடறவன் பாத்துட்டான். வந்து குனிஞ்சு, என்னம்மான்னு கேட்டான். வெந்நீர்ப்பான்னேன். இருபத்திரெண்டு வருஷமா இந்தப் பாட்டுக்கு முன்னாடி எங்க வீட்டுக்காரர் குடுப்பார். இப்பக் குடுத்தவரும் இல்லை, குடிச்சவரும் இல்லைன்னேன்.

– எவனுக்கோ போய்... அண்ணன் அந்த வெந்நீரை எப்படிக் கொண்டு வருவார். ஊத்தி, மூடி, துண்டைச் சுத்தி, மடியில வச்சு.

– எனக்குத் தெரியாதா? காய்ச்சினது நான். அந்தப் பெரிய மனுஷர் இருபத்திரெண்டு வருஷத்துல ஒரே ஒரு வார்த்தைதான் இவர்கிட்டப் பேசினார். 'சூடு'ன்னார். அவ்வளவுதான். அது நல்ல சூடா, நாக்கு வெந்த சூடான்னு கூட இவருக்குத் தெரியலை. ஆறு மாசம் அதையே சொல்லிச் சொல்லிச் சிரிச்சுக்கிட்டிருந்தார்.

– அந்த ஸ்டெப்னி குடிச்சானா?

– கொஞ்ச நேரம் மூடியில இருந்த தண்ணியையே பாத்துட்டிருந்தான். அப்புறம் சொன்னான். இதைக் குடிக்க எனக்கு உரிமை இருக்கான்னு தெரியலைம்மா, ஆனா தாகமா இருக்குன்னான். குடிச்சான். மூடியைத் தன் சட்டையிலயே துடைச்சு என் கையில குடுத்தான்.

– எச்சில் பண்ண விட்டுட்டீங்களே. அண்ணன் ஞாபகமா இருந்த ஒரே பொருள்.

– ஒரே பொருளா? இந்த வீட்டைச் சுத்திப் பாருங்க. அவர் நாற்காலி, அவர் செருப்பு, கதவுக்குப் பின்னாடி அவர் தொப்பி. ஞாபகத்துக்கு இங்க பஞ்சமே இல்லை. தாகத்துக்குத்தான் ஆள் இல்லை.

– நான் இருக்கேனே அண்ணி.

– உங்க பின்னாடி ஊர் என்ன பேசும்னு தெரியுமா? நாளைக்கு நாம கட்டிக்கிட்டா, உங்களையும் அதே பேர் சொல்லித்தான் கூப்பிடுவாங்க. நூத்திநாப்பது பேரும் முதுகைத் திருப்புவாங்க. அப்ப நீங்க எந்தப் பக்கம் பாத்து நிப்பீங்க?

– எனக்குப் பேசத் தெரியாது அண்ணி. கல்யாணம்னு ஒண்ணு எனக்கு வேளைக்கு நடக்கலை. அம்மாவைப் பாத்துக்கிட்டே நாப்பத்தாறு ஆயிடுச்சு. அண்ணன் இருந்தப்ப இந்த வீட்டுல உக்காந்து பாட்டுக் கேப்போமே, அதுதான் எனக்கு வீடு. அது மூடிடக் கூடாது. அவ்வளவுதான்.

– இந்தாங்க, இதைப் பாருங்க.

– டிக்கெட். ரெண்டு. பால்கனியா?

– இன்னிக்கு ஷோவுக்கு. மன்றத்துக் கூட்டத்துலேருந்து தள்ளி, மேல. என் பக்கத்துல வந்து உக்காருங்க. மேடையைப் பாத்து. அவன் பாடறது பிடிக்கலைன்னா பிடிக்கலைன்னு சொல்லுங்க, எனக்கு வருத்தமில்லை. திரும்பாம மட்டும் உக்காருங்க. உங்க கேள்விக்கு என் பதில் அந்த நாற்காலியில இருக்கு.

– அங்க நூத்திநாப்பது பேர் எனக்காகக் காத்துக்கிட்டிருக்காங்க.

– இங்க ஒருத்தி.

– என்னைத் துரோகிம்பாங்க. அண்ணன் இடத்துல என்னை நிறுத்தினாங்க, நான் ஓடிட்டேன்னு.

– சொல்லுவாங்க.

– இருபது வருஷப் பழக்கம்.

– சொல்லுவாங்கன்னுதான் சொன்னேன். பொய் சொல்லலை.

– ஒரு வாய் தண்ணி குடுங்க.

– இந்தாங்க. மெதுவா. மேல எல்லாம் சிந்திக்கிட்டு.

– ...வர்றேன்.

– என்ன?

– வர்றேங்கறேன். ஃபிளாஸ்க்கை எவனாவது கவுத்தட்டும். கவுத்தாமயே போகட்டும். நான் உங்க கூட பால்கனிக்கு வர்றேன்.

– நிஜமாவா?

– நிஜமாத்தான்.

– இருங்க, முகம் கழுவிட்டு வந்துடறேன். அஞ்சு மணி பஸ்ஸைப் பிடிச்சாச் சரியா இருக்கும். இந்த நீலச் சட்டை உங்களுக்கு நல்லா இருக்கு. போன மாசம் போட்டுட்டு வந்தப்பவே சொல்லணும்னு நினைச்சேன். சொல்லலை.

– இதுவா? இது வேலைக்குப் போடறது. காலர் எல்லாம் கிரீஸ்.

– இருக்கட்டும். உங்க சட்டைதானே.

– அண்ணி, ஒண்ணு கேட்டா ஒண்ணும் நினைச்சுக்க மாட்டீங்களே?

– கேளுங்க.

– அண்ணனோட கறுப்புச் சட்டை இருக்கில்ல? மன்றத்துச் சட்டை, முதுகுல வெள்ளை எழுத்துப் போட்டது. அதைக் குடுங்க, போட்டுக்கிட்டு வர்றேன்.

– எதுக்கு?

– பால்கனியில நீங்க திரும்பிப் பாக்கறப்ப அண்ணனே பக்கத்துல உக்காந்திருக்கிற மாதிரி இருக்கும். உங்களுக்கும் ஒரு ஆறுதலா இருக்கும். எனக்கும் அண்ணன்கிட்ட அனுமதி வாங்கின மாதிரி இருக்கும். தலையைக் கூட அவர் மாதிரியே இடது பக்கமா வகிடு எடுத்துட்டுத்தான் வந்திருக்கேன், நீங்க கவனிக்கலை.

– கவனிச்சேன்.

– பாத்தீங்களா. நல்லா இருக்கில்ல?

– அப்படியே அவரை உரிச்சு வச்ச மாதிரி இருக்கு.

– அதைத்தான் நானும் சொல்றேன். என்ன அப்படியே நின்னுட்டீங்க? முகம் கழுவப் போகலையா? பஸ் போயிடும்.

– எனக்குத் தலை வலிக்குது. நான் வரலை. டிக்கெட்டை வேற யாருக்காவது குடுத்துடுங்க.

– இப்பத்தானே நல்லா இருந்தீங்க. நான் எதாவது தப்பாச் சொல்லிட்டேனா அண்ணி?

– இல்லை. நீங்க கிளம்புங்க, முன்வரிசையில உங்களைத் தேடுவாங்க. ஜன்னலோரம் ஃபிளாஸ்க் காஞ்சிருக்கும், எடுத்துக்கோங்க. சட்டை பீரோவுல மேல் தட்டுல மடிச்சு வச்சிருக்கேன், அதையும் எடுத்துக்கோங்க. அளவு உங்களுக்குச் சரியாத்தான் இருக்கும், தம்பி.