இரும்போட வயிறு

அதேதாங்க ஐயா, அந்தக் கருகிக் கெடக்குற சுருளுதான். தொட்டுப் பாருங்க, ஒண்ணும் செய்யாது. கரண்ட நிறுத்தி மூணு நாளாச்சு. தொரையோட கோவந்தான் இன்னும் நிக்கல.

ஒரு வெளக்கு வெடிச்சதுக்குக் கொழும்புலேர்ந்து இஞ்சினியரு ஒங்கள வரவழைச்சிருக்காரு பாருங்க! போன வருசம் நாங்க குடியிருக்குற லயத்துக் கூரை காத்துல பறந்து எல்ல ஊருப் பக்கம் போயிருச்சு. அதப் பாக்க ஒரு நாயி வரல. சரி, அத விடுங்க.

யாரு, நானா? டைனமோவுக்கு எண்ண ஊத்துறவன். கந்தப்பன்னு பேரு. படிப்பெல்லாம் இல்லீங்க. வீரய்யண்ணன் சொல்லிக் குடுத்ததுதான். பதினோரு வருசமா தேயில அரைக்கிற இந்த ஸ்டோருல டைனமோ பாத்தவரு அவரு. ஆமாங்க, அவரத்தான் வேலைய விட்டு நிப்பாட்டிட்டாங்க.

எனக்கு வெளங்குன மாதிரி சொல்லட்டுங்களா? சிரிக்கக் கூடாது. கரண்டு முன்னயும் பின்னயும் ஓடிக்கிட்டே இருக்குதில்ல, அத நேரா விட்டா வெளக்கக் குடிச்சிரும். அதுக்குக் கடிவாளந்தான் இந்தச் சுருளு. கடிவாளத்துக்கு பலம் உள்ள இருக்குற இரும்பு. இரும்புக்குள்ள இருக்குற துணுக்கெல்லாம் காலையில வேல பிரிக்கிற பெரட்டுல வரிசையா நிக்கிற ஆளுங்க மாதிரின்னு வச்சுக்கங்க. கங்காணி இந்தப் பக்கம் கத்துனா இந்தப் பக்கம் திரும்பணும், அந்தப் பக்கம் கத்துனா அந்தப் பக்கம். அத்தன பேரும் திரும்புற வரைக்கும் கரண்டு நின்னு மூச்சு வாங்கும். ஆனா எல்லாரும் ஒரே பக்கம் திரும்பி முடிஞ்சாச்சுன்னு வைங்க. அப்பறம் கங்காணி தொண்ட கிழியக் கத்துனாலும் திரும்ப ஆளு ஏது? இரும்போட வயிறு நெறஞ்சு போச்சு. காந்தம் இனி உள்ள போகாது. அந்த நேரம் சுருளு வெறும் செம்புக் கம்பிதான். கரண்டு அவுத்து விட்ட மாடு.

சரிதானுங்களா? பாத்தீங்களா, எண்ண ஊத்துறவனுக்கும் தெரியும்.

சனிக்கெழம சாயந்திரம் தொர மகளுக்குக் கல்யாண விருந்து. பங்களாப் புல்லுல மேச போட்டு, நடுவுல கம்பம் நட்டு, அதுல ரெண்டு கரிக்குச்சிக்கு நடுவுல கரண்டு பாஞ்சு எரியுற பெரிய கரி வெளக்கு. ஏத்துனா மங்கலா எரியுது. மாப்புள்ள மொகமே தெரியலன்னு தொர சத்தம் போடுறாரு. அந்த மொகத்துக்கு அந்த வெளிச்சமே போதுமுன்னு நான் நெனச்சேன், சொல்லல. வீரய்யண்ணன் தொப்பியக் கழட்டிக் கையில வச்சுக்கிட்டு, தொரே, சுருளு என்னமோ இன்னைக்கு ஒரு மாதிரியா இருக்கு, தொறந்து பாக்கணும், ஒரு மணி நேரம் குடுங்கன்னாரு. முடியாது, கரண்டக் கூட்டு, இப்பவே கூட்டுன்னு தொர ஒரே கூச்சல். வேற வழியில்லாம அண்ணன் ஸ்டோருக்கு எறங்கி டைனமோ வேகத்தக் கூட்டுனாரு. கொஞ்சம் கூட்டுனாரு, வெளிச்சம் ஏறுச்சு. இன்னும் கொஞ்சம் கூட்டுனாரு. அவ்வளவுதான். இரும்பு நெறஞ்சு, கரண்டு கட்டவுத்துக்கிட்டு ஓடி, வெளக்கு வெள்ளையாப் பொங்கி, கண்ணாடி உருண்ட டமார்னு வெடிச்சு அத்தனையும் கேக்கு மேல. பாதிரியாரு மேசைக்கு அடியில போயிட்டாரு. பொண்ணு மட்டுந்தான் சிரிச்சுச்சு.

சிரிக்காதீங்க ஐயா. இங்க ஸ்டோருல அண்ணன் புகையுற சுருளுகிட்ட ஓடிப்போய் கம்பிய வெறுங்கையால பிடுங்குனாரு. வலது கை வெந்து போச்சு. மறுநாளு கணக்க முடிச்சுப் பத்துச்சீட்டக் குடுத்து, தோட்டத்த விட்டே போன்னுட்டாங்க. கவனமில்லாத வேலையாம்.

எதுக்கு மொதல்ல மங்கலா எரிஞ்சுச்சுன்னா கேக்குறீங்க? நல்ல கேள்விங்க. தொர இது வரைக்கும் அதக் கேக்கல.

சுருளுக்குள்ள இருக்குற இரும்ப வளையமா முழுசா மூட மாட்டாங்கல்ல, நடுவுல சின்ன எடவெளி விட்டு ஒரு மரச்சில்லு சொருகியிருக்கும். அது இருந்தா இரும்பு கொஞ்சம் சோம்பேறிதான், காந்தத்த லேசுல வாங்காது. ஆனா எவ்வளவு கரண்டு வந்தாலும் சீக்கிரம் நெறையாது. சில்ல எடுத்து இரும்ப ஒட்ட வச்சா, கடிவாளம் மொதல்ல ரொம்ப இறுக்கும், வெளக்கு மங்கும். கூட்டுனா சட்டுனு நெறஞ்சு கைய விட்டுரும்.

இப்பத் தொறந்து பாருங்க. சில்லு இல்லைங்களா? இருக்காதுங்க.

வெள்ளிக்கெழம மத்தியானம் நாந்தான் எடுத்தேன். வெளக்கு மங்கும், தொர அவரத் திட்டுவாரு, அப்பறம் நான் போய் சில்லச் சொருகி சரியாக்கிக் காட்டுவேன், அவரு எடம் எனக்கு வருமுன்னு ஒரு நெனப்பு. அவரு கூட்டுவாருன்னு நெனக்கல. சில்லு எதுக்கு இருக்குங்கிறது வரைக்கும் சொல்லிக் குடுத்தாரு, நாந்தான் பாதியக் கேட்டுட்டு மீதிய விட்டுட்டேன். மீதி சனிக்கெழம வெளங்குச்சு.

எடமா? வந்துருச்சுங்க. இன்னைக்குக் காலையில தொர கூப்புட்டு, இனி டைனமோ நீதான்னாரு. தலைய ஆட்டிட்டு வந்துட்டேன்.

சில்ல எடுத்தவன் பேர எழுதிக்கங்க, கந்தப்பன். அப்பறம் ஒண்ணு ஐயா. வீரய்யண்ணனும் அவரு சம்சாரம் பெரியாயி மதினியும் பசறை ரோட்டுல நடந்துதான் போறாங்க. சட்டி பானையெல்லாம் மதினி தலையில, அவருதான் ஒத்தக் கையாயிட்டாரே. இன்னைக்குத்தான் கெளம்புனாங்க, ஒரு மணி நேரந்தான் ஆகுது. ஒங்க காரு வாசல்ல சும்மாத்தான நிக்குது?