கோச்ச மாத்தணும்ணே

...என் கடையிலேயே, அண்ணே! என் பெஞ்சுல உக்காந்து, என் குடத்துத் தண்ணிய மொண்டு குடிச்சிட்டு, என்னையே தூக்கிட்டானுங்க! எங்கயாவது கேள்விப்பட்டிருக்கீங்களா இந்த அநியாயத்த? தலையக் கொஞ்சம் சாய்ங்க... ஆங், அப்படியே.

எதுலேருந்து தூக்குனாங்களா? சரியாப் போச்சு. போன ஞாயித்துக்கிழமை வரைக்கும் எங்க ஊரு ஃபுட்பால் டீமு கஃபூபு ரோவர்ஸுக்கு கோச்சு யாருன்னு நெனச்சீங்க? உங்க பிடரியில மெஷின் ஓட்டறானே, இந்த லொம்பேதான்! சிரிக்காதீங்க, கோணலாப் போயிடும். நீங்க வெளியூரு, பாவம், தெரிஞ்சிருக்காது. ண்டோலா பஸ்ஸுக்குத்தான நிக்கறீங்க? அது ஆள் ரொம்பாம கெளம்பாது. இந்த லுவான்ஷ்யா ஊருல எந்த பஸ்ஸு சொன்ன நேரத்துக்குக் கெளம்பியிருக்கு? நிதானமா வெட்டிக்கலாம். கரண்டு மட்டும் போகாம இருக்கணும்.

மொதல்ல மலாமான்னு ஒருத்தரு கோச்சா இருந்தாரு. நல்ல மனுஷன்தான், இல்லன்னு சொல்லல. ஆனா நல்ல மனுஷனா இருந்து என்ன பண்றது? டீமு தோத்துக்கிட்டே இருந்துச்சு. அவரு பாட்டுக்கு மைதானத்து ஓரத்துல கையக் கட்டிக்கிட்டு, வறுத்த கடலைய வாயில போட்டுக்கிட்டு நிப்பாரு. ஒரு சத்தம் இல்ல, ஒரு கூப்பாடு இல்ல! பின்னாடி நின்னுக்கிட்டு நாந்தான் கத்தணும். "யோவ் மலாமா, முவாபேய முன்னாடி அனுப்புய்யா!" முவாபேன்னா நம்ம டீமுலயே வேகமா ஓடற பையன். முயலு தோத்துடும். அவனக் கொண்டுபோயி டிஃபென்ஸுல நிறுத்தி வெச்சிருந்தாரு. குதிரையக் கட்டிப்போட்டு வீட்டுக்குக் காவல் வைப்பாங்களா? நீங்களே சொல்லுங்க.

அண்ணே, ஒண்ணு தெரிஞ்சிக்குங்க. இந்த ஊருல பாதி சுரங்கம் மூடிக் கெடக்கு. சனிக்கிழமை சாயங்காலம் எங்க ஆளுங்க தெருவுல தலை நிமிந்து நடக்கறாங்கன்னா, அது இந்த டீமாலதான். இது கீழ் டிவிஷனுக்கு எறங்கிட்டா அதுவும் போச்சு. அப்புறம் என்ன இருக்கு எங்களுக்கு? அதனாலதாண்ணே கத்துனேன். பொழுது போகாமயா கத்துனேன்?

அதான், இந்தக் கடையில ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் சர்ச்சு முடிஞ்சதும் ரசிகருங்க கூடுவோம். முடி வெட்டறது பாதி, மலாமாவ வெட்டறது பாதி. மாத்தணும், மாத்தணும், மாத்தணும்! கிளப்பு தலைவரு சிலேஷே இருக்காரே, அவரும் ஷேவிங்குக்கு இங்கதான் வருவாரு. கன்னம் பூரா சோப்பு நொர. எந்திரிச்சு ஓட முடியுமா? நான் கத்தியத் தீட்டிக்கிட்டே மலாமா பண்ண தப்பு ஒவ்வொண்ணா எடுத்துச் சொன்னேன். மனுஷன் கண்ண மூடிட்டு, "போதும்ப்பா லொம்பே, போதும். மலாமாவ அனுப்பிடறேன்" அப்படின்னாரு.

அடேங்கப்பா, எனக்கு வந்த சந்தோஷம்! அடுத்த வார்த்தை என்ன சொன்னாரு தெரியுமா? "நாளையிலேருந்து நீயே பாத்துக்க."

வெளையாட்டுக்குச் சொல்றாருன்னு நெனச்சேன். இல்ல! மறுநாள் காலையில விசில், பந்து மூட்டை எல்லாத்தையும் கொண்டுவந்து வாசல்ல எறக்கிட்டானுங்க. என் பொண்டாட்டி பெர்த்தா அதப் பாத்துட்டு, "நம்ம புள்ளைங்கள குளிக்கவே உன்னால வரிசையில நிக்கவைக்க முடியல, பதினோரு எருமைய மேய்க்கப் போறியா?"ன்னு கேட்டா. பொம்பளைக்கு என்ன தெரியும் ஃபுட்பால்? நீ போயி ஷிமாக் களியக் கிண்டுன்னு சொல்லிட்டேன். அன்னிக்கு எனக்கு ஷிமா கெடைக்கல, அது வேற விஷயம்.

மொத மேட்ச். முவாபேய முன்னாடி போட்டேன். அவன் ஓடுனான் பாருங்க... அம்மாடி! மின்னல்! என்ன ஒண்ணு, பந்து பின்னாடியே நின்னுபோச்சு. பந்து இல்லாமலே கோல் வரைக்கும் போயி, திரும்பிப் பாத்து முழிக்கறான். இங்க பின்னாடி அவன் நின்ன எடம் ஓட்டை. எதிராளிங்க கல்யாண வீட்டுக்குள்ள போற மாதிரி அந்த வழியாவே போயிப் போயி மூணு கோலு போட்டானுங்க. சரி, மொத மேட்சு, போகட்டும்.

ரெண்டாவது மேட்ச்ல எடைவேள வரைக்கும் நாங்க ஒரு கோல் முன்னாடி இருந்தோம். சத்தியமா! உள்ள கூப்பிட்டு ரெண்டு வார்த்தை தைரியம் சொன்னேன். என்ன, கொஞ்சம் நீண்டுபோச்சு. என் பேச்சு எப்படின்னு உங்களுக்கே தெரியும், ஆரம்பிச்சா... ரெஃப்ரி வந்து கதவத் தட்டறாரு, "ஐயா, ஆட்டம் பாக்கி இருக்கு"ன்னு. பசங்க ஒரு வாய் தண்ணி குடிக்கல, கால நீட்டி உக்காரல, அப்படியே வெளிய ஓடுனானுங்க. வெயிலு வேற. கடைசியில கோல் கீப்பரு கம்பத்துல சாஞ்சிக்கிட்டு நிக்கறான். தோத்தோம்.

அப்புறமும் தோத்தோம். அதெல்லாம் எதுக்கு இப்ப... காத மடக்கிக்குங்க.

மைதானத்துல என்னையப் பாத்து என்ன கத்துனானுங்க தெரியுமா? எல்லாம் நான் சொல்லிக்குடுத்த கூப்பாடு! மலாமாவுக்காக நான் உக்காந்து கட்டுன பாட்டுல, மலாமா பேர எடுத்துட்டு லொம்பேன்னு போட்டுட்டானுங்க. அதுவும் ராகத்துல பொருந்தித் தொலைக்குது. வீட்டுக்குப் போனா எம்மவன் அதையே முணுமுணுத்துக்கிட்டு பாடம் எழுதறான்.

போன ஞாயித்துக்கிழமை இங்க வழக்கம்போல கூட்டம். கூடறதுக்கு ஊருல வேற எடம் கெடையாதே! உள்ள வந்தானுங்க, என்னப் பாத்தானுங்க, ஒருத்தன் மூஞ்ச ஒருத்தன் பாத்தானுங்க. ஒருத்தன் கூச்சப்பட்டுக்கிட்டு, "லொம்பே, நாங்க வேணா அந்தப் பக்கம் மரத்தடிக்குப் போயிடறோம்"னான். எனக்கு ரோஷம் வந்துடுச்சு. "டேய், இந்தக் கடையில எப்பவும் மனசுல பட்டதப் பேசியிருக்கோம். உக்காருங்கடா, பேசுங்கடா!"ன்னுட்டேன். எவனுக்கு வரும் அந்தப் பெருந்தன்மை?

அதுல எனக்காகப் பேச ஒரே ஒருத்தன் எழுந்தான். சிசாலா, எம் மச்சினன், பெர்த்தாவோட தம்பி. நல்லதா நாலு வார்த்தை சொல்வான்னு காதத் தீட்டிக்கிட்டு நிக்கறேன். அவன் ஆரம்பிக்கறான், "லொம்பே மச்சான் நல்ல மனுஷன். கல்யாணத்துக்குக் கூப்பிட்டா வருவாரு. சாவுக்குக் கூப்பிடாமலே வருவாரு..."

அண்ணே, பொறுத்துப் பாத்தேன். முடியல. "டேய் சிசாலா, அதுக்கும் டிஃபென்ஸுல இருக்கற ஓட்டைக்கும் என்னடா சம்பந்தம்?"னு கேட்டுட்டேன். அவன் தெகைச்சுப் போயி, "இல்ல மச்சான்... இன்னும் கொஞ்சம் டைம் குடுத்துப் பாக்கலாம்னு..."ங்கறான். "டைமா? கோல் வாங்க வாங்க டைம் குடுப்பியா? மலாமாவுக்குக் குடுத்தமா டைம்?" அப்படின்னேன். இவ்வளவு மட்டமா ஒருத்தன் வாதாடலாமா, சொல்லுங்க! எத்தன வருஷமா இந்தக் கடையில வாதாடறோம், ஒரு தரம் வேணாமா?

அப்புறம் நிறுத்த முடியல. ஸ்டூல் மேல ஏறிட்டேன். "பந்த விட்டுட்டு ஓடறவன முன்னாடி நிறுத்துன ஆளு கோச்சா? தாகத்துல நாக்கு வெளிய தள்ளி நிக்கற பசங்ககிட்ட கதாகாலட்சேபம் பண்ணுனவன் கோச்சா? ஊரு மானம் இவன் கையிலயா?" ஒவ்வொரு கேள்விக்கும் கைதட்டு! விசில்! தெருவுல போன ஜனம் ஜன்னல்ல எட்டிப் பாக்குது. அண்ணே, உண்மையச் சொல்றேன், மலாமாவுக்கு எதிராக்கூட நான் இவ்வளவு நல்லாப் பேசுனதில்ல. சிசாலா கண்ணுல தண்ணி. "மாத்தணுங்கறவங்க கையத் தூக்குங்க!"ன்னு நாந்தான் கத்துனேன். மொதக் கை என்னுது. மெஷினு வேற கையில ஓடிக்கிட்டே இருக்கு, ஒர்ர்ருன்னு...

அப்பத்தான் பாத்தேன், கடை பூரா கை. சிசாலா கையும்தான். மெஷின நிறுத்துனேன். மெதுவா எறங்கினேன். ஒருத்தன் முதுகுல தட்டிக் குடுத்து, "பிரமாதம் லொம்பே"ன்னான்.

எதிர்ப்பா? இருந்துச்சுண்ணே. ஒரே ஒரு கை.

அது நீங்க உக்காந்திருக்கற இதே நாற்காலியிலேருந்து. பாதித் தலை வெட்டி, மீதி அப்படியே கெடக்க, கழுத்துல துணியோட ஒருத்தரு உக்காந்திருந்தாரு. அந்தத் துணிக்குள்ளேருந்து மெதுவா ஒரு கை மேல வருது. மலாமா! ஆமாண்ணே, அதே மலாமாதான். நான் தூக்கவெச்ச அப்புறமும் என்கிட்டதான் முடி வெட்டிக்க வருவாரு. "மாத்த வேணாம்ப்பா. சீசன் முடியட்டும். லொம்பே இப்பத்தான் கத்துக்க ஆரம்பிச்சிருக்கான்" அப்படின்னாரு.

நான் அவரு மூஞ்சிய நேராப் பாக்கல. கண்ணாடியில பாத்தேன். கிண்டல் பண்றாருன்னு நெனச்சேன். இல்லண்ணே. மனசாரத்தான் சொன்னாரு.

சாயங்காலமே தலைவரு சிலேஷே போயி மலாமாவையே மறுபடி கோச்சாக்கிட்டாரு. நாளன்னிக்கு மேட்ச்.

இப்ப நீங்களே சொல்லுங்க. மூணு மேட்ச்சா டீம நாசம் பண்ண ஒருத்தன, என்னைய, வெச்சிக்கலாம்னு கை தூக்குன ஆளுண்ணே அவரு! ஆள எடை போடத் தெரியுமா அவருக்கு? இவருகிட்ட ஒரு டீமக் குடுத்தா உருப்படுமா? மாத்தணும்ணே. இப்பவே மாத்தணும்...

அண்ணே? எங்க எழுந்துட்டீங்க? பஸ்ஸு இன்னும் பாதிகூட ரொம்பலண்ணே! அண்ணே... துணியையாவது குடுத்துட்டுப் போங்க!